‘கடல் புறா’வைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. சமையல், ஆபீஸ் வேலை எல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, அவளே இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாய், என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். “டீச்சர், பாப்பா பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டா. அடுத்து கடல் புறா வேணும்ங்கறா. வயசுப் பொண்ணு படிக்கிற புஸ்தகமா அதுன்னு எங்க அத்தை கேக்குறாங்க. குடுக்கலாமா, வேண்டாமா?”

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “சாண்டில்யனா? வேண்டவே வேண்டாம்” என்றார் அண்ணி. “தமிழனின் கடற்படை வரலாறே அதில்தானே இருக்கிறது, கட்டாயம் கொடுங்கள்” என்றார் மாப்பிள்ளை. “வரலாறும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கதாநாயக பஜனை” என்றான் தம்பி. மூன்று பேருமே அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள். அதனால் மூன்று பேச்சையும் தள்ளிவிட முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

படிக்காதவர்களுக்காக நாலு வரி. சாண்டில்யன் 1910-இல் பிறந்தவர், 1987-இல் காலமானார். பத்திரிகையாளராக சுதேசமித்திரனில் வேலை பார்த்தவர். ‘கடல் புறா’ குமுதத்தில் தொடராக வந்து, பிறகு வானதி பதிப்பகம் வழியாக மூன்று பெரிய பாகங்களாக வந்தது. கதாநாயகன் கருணாகரத் தொண்டைமான். கதையில் அவனுக்கு இளையபல்லவன் என்றும் பெயர். சோழ மன்னன் வீரராஜேந்திரனின் சமாதான ஓலையோடு கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். ஊரோ தமிழர்களைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியைச் சந்திக்கிறான். பின்னாளில் முதலாம் குலோத்துங்கனாக முடிசூடப்போகும் அநபாயனும் கதையில் வருகிறான். பிறகு அகூதா என்ற சீனக் கடல் கொள்ளைக்காரனிடம் பயிற்சி, அட்சயமுனைக் கோட்டை, மஞ்சளழகி, புறா வடிவத்தில் ஒரு போர்க்கப்பல், ஸ்ரீவிஜயத்தோடு மோதல் என்று கதை போகும்.

எங்கள் தலைமுறைக்கு இது வெறும் புத்தகம் இல்லை. வாரா வாரம் குமுதத்திலிருந்து அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தைத்து, பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. லதாவின் ஓவியங்களோடு இருக்கும் அந்தப் பைண்டு புத்தகம் தெரு முழுக்கச் சுற்றி, அட்டை இல்லாமல் திரும்பி வரும். கடைசி நாலு பக்கம் காணாமல் போயிருக்கும். முடிவை அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது மூன்று குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

ஒன்று: வர்ணனை

இதுதான் அண்ணியின் கட்சி. படித்த பெண்களில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். கதை விறுவிறுவென்று போகும்போது ஒரு பெண் உள்ளே வந்தால் போதும், கதை அப்படியே நின்றுவிடும். ஆசிரியர் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் வர்ணித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விடலாம். “அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் படிச்சேன் டீச்சர்” என்று சொன்ன பெண்கள் பலர். “அந்தப் பக்கங்களை மட்டும்தான் படிச்சேன்” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்ட பையன்களும் இருப்பார்கள், எனக்குத் தெரியாதா என்ன?

இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். நம் இலக்கியத்தில் பாதாதிகேச வர்ணனை, உலா, கோவை எல்லாம் உண்டே, கலிங்கத்துப்பரணியே கடைதிறப்பில் பெண்களைக் கூப்பிட்டுத்தானே ஆரம்பிக்கிறது, சாண்டில்யன் அந்த மரபில் வந்தவர்தானே என்று. உண்மைதான். அவர் பழந்தமிழ் படித்த மனிதர். அந்த வர்ணனை எங்கிருந்து வந்தது என்பதை மரபு விளக்கும். ஆனால் அது நாவலுக்குப் பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி.

உலாவில் வரும் பெண்களுக்குப் பெயர் கிடையாது, யோசனை கிடையாது, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவும் கிடையாது. காஞ்சனாதேவி அப்படியா? நாடு இழந்த தகப்பனாரோடு கடல் தாண்டி உதவி கேட்டு வந்தவள். வாள் பிடிக்கத் தெரிந்தவள். அரசியல் பேசத் தெரிந்தவள். அப்படிப்பட்ட ஒருத்தியை உருவாக்கிவிட்டு, அவள் வாளோடு நிற்கும் நேரத்தில் அவள் இடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அவர் உருவாக்கிய பாத்திரத்துக்கு அவரே செய்யும் குறைதான் அது. பல வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு வாளைத் தூக்கிட்டே நின்னா கை வலிக்காதா டீச்சர்?” இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

அதற்காகப் புத்தகத்தை மறைத்து வைக்கலாமா? சில வீடுகளில் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்தக் குண்டூசியைத்தான். இன்றைக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை கையில் இருக்கும் போனில் வருவதோடு ஒப்பிட்டால் கடல் புறா பச்சைக் குழந்தை. எனக்குக் கவலை வேறு. ஒரு பெண்ணின் வீரமும் அறிவும் அவளுடைய உடம்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று பிள்ளை தன்னை அறியாமல் கற்றுக்கொண்டுவிடக் கூடாது. அதைக் குண்டூசி தடுக்காது. அம்மா கேட்கிற ஒரு கேள்வி தடுக்கும்: “இந்த இடத்தில் காஞ்சனாதேவி என்ன நினைத்திருப்பாள்? ஆசிரியர் அதை ஏன் எழுதவில்லை?” இந்தக் கேள்வியைப் பையன்களிடம் இரண்டு முறை கேளுங்கள்.

இரண்டு: தோற்காத நாயகன்

தம்பியின் கட்சி இது. இளையபல்லவனுக்குத் தோல்வியே கிடையாது. எதிரி மனதில் நினைப்பது எதிரிக்கு முன்பே இவனுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் சிக்கிக்கொள்வான், அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் “இதைத்தான் எதிர்பார்த்தேன்” என்பது போல நிற்பான்.

வாரத் தொடரின் இலக்கணம் அது. ஏழு நாள் வாசகனைக் காத்திருக்க வைக்க வேண்டும். வாரம் ஒன்றாகப் படித்தபோது சுவையாக இருந்தது, மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் படிக்கும்போது அலுக்கிறது. இன்றைய பிள்ளைகள் சொல்லும் “இழுவை” என்ற குறைக்குப் பாதிக் காரணம் இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், புத்தகம் வேறு மாதிரி தெரியும்.

ஆனால் இந்தக் குறைக்குள் இன்னொரு பெரிய குறை இருக்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவன் என்னிடம் படித்த மீனவ வீட்டுப் பையன். இப்போது நாற்பது வயதுக்கு மேல், நாகப்பட்டினத்தில் படகு ஓட்டுகிறான். கடல் புறாவை அவன் ரசித்துப் படித்தவன்தான். ஆனால் அவன் சொன்னது: “எல்லாம் சரி டீச்சர். ஆனா காத்து எப்பவும் அந்தாளு சொன்ன பேச்சைக் கேக்குது. எங்ககிட்ட ஒரு நாளும் கேக்கலையே.”

கரையில் உட்கார்ந்து படிக்கும் நமக்கு இது தோன்றவே தோன்றாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்து, அதைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பாய்மரக் காலத்தில் கடாரத்துக்குப் போகிற காற்று ஒன்று, திரும்பி வருகிற காற்று இன்னொன்று. பருவம் மாறும்வரை மாதக்கணக்கில் அந்நியத் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்கள்தான் போன இடத்தில் வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், அந்த ஊர் மொழியைக் கற்றார்கள். வீரத்தால் மட்டும் நடந்ததில்லை நம் கடல் வாழ்க்கை, பொறுமையாலும் நடந்தது. நாவலில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. துடுப்புப் போட்டவனுக்கும் பாய் தைத்தவனுக்கும் பெயரும் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்துக்காக சாண்டில்யனைப் பாராட்டத்தான் வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. சோழப் படைத்தலைவன் கடலைக் கற்றுக்கொள்வது யாரிடம்? அகூதா என்ற சீனனிடம். அவன் பக்கத்தில் நிற்கும் வலக்கை அமீர் என்ற அரபு நாட்டவன். கூலவாணிகன் சேந்தன் போன்ற வியாபாரியும் கூட இருக்கிறான். ஒரே கப்பலில் எத்தனை நாட்டார்! கடல் என்றால் அப்படித்தான். ‘தமிழன் கடலை ஆண்டான்’ என்று மார்தட்டுவதற்கு இந்த நாவலை எடுத்துக்காட்டுகிறவர்கள், அதன் நாயகனுக்கே ஒரு வெளிநாட்டு வாத்தியார் தேவைப்பட்டார் என்பதை மறந்துவிடுகிறார்கள். வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அது மறக்கவில்லை.

மூன்று: வரலாறு

மாப்பிள்ளையிடம் எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான். அவர் ஒருவர் மட்டும் இல்லை. கடல் புறாவில் வரும் சம்பவங்களைக் கல்வெட்டில் இருப்பது போலப் பகிர்கிறவர்களை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன்.

கரும்பலகையில் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கம் எழுதுவோமே, அப்படி எழுதிப் பார்ப்போம்.

சான்று உள்ளவை: 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்பியது. அவனுடைய மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. பிறகு வீரராஜேந்திரன், அடைக்கலம் தேடி வந்த ஓர் அரசனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்வது. 1070-இல் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது. கருணாகரத் தொண்டைமான் அவனுடைய படைத்தலைவனாகக் கலிங்கத்தை வென்றதை ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடியது.

சாண்டில்யன் கற்பனை: மஞ்சளழகி, அகூதா, அமீர், புறா வடிவக் கப்பல், காதல், வீட்டுக்கு வீடு நாம் நேசித்த எல்லாமே.

இதில் தவறு ஒன்றும் இல்லை. நாவலாசிரியரின் உரிமை அது. இரண்டு வரிச் செய்தியிலிருந்து மூன்று பாகம் எழுப்பியது அவருடைய திறமை. கோட்டின் இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் நகர்த்துவது நம் தவறு.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நாவல் நடப்பது வீரராஜேந்திரன் காலத்தில், அதாவது 1063-க்கும் 1070-க்கும் நடுவில். பரணி பாடும் கலிங்கப் போர் 1110 வாக்கில். 1065-இல் இளையபல்லவனுக்கு இருபத்தைந்து வயது என்று வைத்தால், கலிங்கத்தை வெல்லும்போது எழுபது! எழுபது வயதில் படை நடத்தக் கூடாது என்று இல்லை, என் முழங்கால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. இப்படி ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பிள்ளையை எந்தப் புத்தகமும் ஏமாற்ற முடியாது.

உண்மை வரலாறு கதையைவிடச் சப்பையாக இருக்குமோ என்று பயப்படாதீர்கள். கடாரத்தோடு நமக்கு இருந்தது போர் மட்டும் இல்லை. ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்காக ஆனைமங்கலம் என்ற ஊரே எழுதி வைக்கப்பட்டது. விகாரம் இருந்தது நம் நாகப்பட்டினத்தில். நடுவில் ராஜேந்திரனின் படையெடுப்பு. அதற்குப் பின்னும் குலோத்துங்கன் காலத்தில், 1090-இல், கடாரத்து அரசரின் வேண்டுகோளுக்கு இணங்கி அந்த விகாரத்துக்கு மறுபடியும் சலுகை. இரண்டும் செப்பேடுகளாக ஹாலந்து நாட்டு லெய்டன் வரை போய்ச் சேர்ந்தன. 1077-இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போனதைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1088-இல் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் பக்கம் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு தமிழிலேயே கல்வெட்டு வெட்டியிருக்கிறது. அரசன் புகழ் பாடும் கல்வெட்டு இல்லை அது. துறைக்கு வரும் மரக்கலத் தலைவனும் உடன் வருவோரும் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பற்றிப் பேசுவது. எனக்கு மெய்க்கீர்த்தியைவிட அந்தக் கட்டணக் கல்தான் பெருமை. அடுத்தவன் ஊரைக் கொளுத்தியதைச் சொல்லவில்லை, அடுத்தவன் ஊரில் கணக்கு வழக்கோடு பிழைத்ததைச் சொல்கிறது.

இன்னொன்றும் யோசியுங்கள். கதையில் கெட்டவர்களாக வரும் கலிங்கத்துக்காரர்கள் இன்றைய ஒடிசா, ஆந்திரக் கரையோர மக்கள். அவர்களும் கடலோடிகள். இன்றைக்கும் கார்த்திகைப் பௌர்ணமி விடியற்காலையில் ஒடிசாவில் குழந்தைகள் வாழைமட்டையிலும் காகிதத்திலும் சின்னப் படகு செய்து, விளக்கேற்றித் தண்ணீரில் விடுகிறார்கள், பாலித் தீவுக்குப் போன முன்னோர் நினைவாக. நமக்குப் பரணி வெற்றிப் பாட்டு, அவர்களுக்கு அது என்ன? இந்தக் கேள்வி மனதில் வந்துவிட்டால் பிள்ளை சரித்திரக் கதை படிக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஏன் கொடுக்கச் சொல்கிறேன்?

இத்தனை குறை சொல்லிவிட்டு ஏன் கொடுக்கச் சொல்கிறாய் என்று அண்ணி கேட்பார். காரணம் இருக்கிறது.

மூன்று தடித்த பாகங்களை ஒரு பிள்ளை தானாக உட்கார்ந்து படிப்பது இன்றைக்குச் சாதாரணம் இல்லை. சாண்டில்யனின் வாக்கியங்கள் நீளமானவை, சில சமயம் ஒரு பத்தியே ஒரு வாக்கியம். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடிக்கொண்டே போய்ச் சேர வேண்டும். நாலு வார்த்தைக்கு மேல் படித்தால் களைத்துப்போகும் கண்ணுக்கு அது நல்ல உடற்பயிற்சி. அணியம், நங்கூரம், சுக்கான், பாய்மரம் என்று கடல் சார்ந்த தமிழ்ச் சொற்கள் பிள்ளையின் காதில் விழும். பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ‘கடாரம்’ ஓர் ஊராக மாறும். மலேசியாவில் கெடா எங்கே, சுமத்ராவில் பலெம்பாங் எங்கே என்று உலகப்படத்தை விரிக்கத் தோன்றும். நான் எத்தனையோ வருஷம் கோலால் தட்டித் தட்டிக் காட்டியும் விரியாத கண்கள், ஒரு கதைக்காக விரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முக்கியமாக, கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டே கடலுக்கு முதுகைக் காட்டி வாழ்கிறோம் நாம். கடல் என்றால் சுனாமி, இல்லாவிட்டால் சுண்டல். அந்த முதுகைக் கொஞ்சம் திருப்பிய புத்தகம் இது.

கொடுக்கும்போது இப்படிக் கொடுங்கள். பக்கத்தில் ஓர் உலகப்படம் வையுங்கள். ஒவ்வொரு பாகம் முடிந்ததும், எது சான்று, எது கற்பனை என்று பிள்ளையையே கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே படியுங்கள், அப்போதுதான் பேச முடியும்.

முடித்ததும் அடுத்த புத்தகத்தைத் தயாராக வையுங்கள். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, 1977-இல் வந்தது. பெயர் ஒற்றுமையால் நூலகத்தில் இதைக் கேட்டு அதை வாங்கிப் போனவர்கள் உண்டு, நல்ல தவறு அது! மூன்று பாகத்துக்கு முன்னால் மெலிந்த புத்தகம்தான். ஆனால் அதில் ராஜா இல்லை, மீன் பிடிக்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். கல்லூரி வயது வந்ததும் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. அங்கே காற்று யார் பேச்சையும் கேட்காது. கடல் புறாவில் பெயர் இல்லாமல் போன துடுப்புக்காரனை அங்கே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

உங்களில் கடல் புறா படித்தவர்கள், எந்த வயதில் படித்தீர்கள், இப்போது திரும்பிப் படித்தால் என்ன தோன்றுகிறது என்று கீழே எழுதுங்கள். முக்கியமாகப் பெண்பிள்ளைகள் எழுத வேண்டும். கடலுக்குப் போகிற என் மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். “எழுத வராது டீச்சர்” என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள், உங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.